மூடிய கதவும் திறந்த மைக்கும்

மேடையில் இருக்கும் தொழிற்சங்கத் தலைவர் மிரோஸ்வாவ் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, இடமில்லாமல் வாசலில் மழையில் நிற்கும் கப்பல் கட்டும் தளத்து மக்களே! தோழர்களே என்று அழைக்க மாட்டேன். அந்தச் சொல்லை அன்று ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் தேய்த்துத் தீர்த்துவிட்டார்கள்.

நம் ஹென்ரிக் த்ரோஸ்தா போய்விட்டார். வெல்டராக வந்து, வேலைநிறுத்தத் தலைவராகி, இந்தப் போலந்து நாட்டின் அமைச்சராக உயர்ந்தவர். அழத்தான் வந்தேன். ஆனால் மனம் ஓரிடத்தில் நிற்க மறுக்கிறது.

வேலைநிறுத்தம் நடந்த அந்த ஆகஸ்டில் தளத்தின் ஒலிபெருக்கி அறை என் பொறுப்பில் இருந்தது. அரசுத் தரப்போடு பேசிய ஒவ்வொரு சொல்லும் வாசல்வரை கேட்க வேண்டும் என்றார் ஹென்ரிக். தலைநகர் வார்சாவிலிருந்து வந்த அதிகாரி நெளிந்தார். "நாம தனியாப் பேசிக்கலாமே" என்றார்.

"தனியாப் பேச நீங்க என்ன என் மச்சானா?" என்று கேட்டுவிட்டு ஹென்ரிக் என் பக்கம் திரும்பினார். "போஷேனா, நான் உளறினாலும் சரி, மைக்க மட்டும் அணைச்சிடாத."

அந்த மைக்தான் நம்மை வெல்ல வைத்தது. மறுக்க முடியுமா?

பிறகு அவரே அமைச்சரானார். சத்தம் வெளியே போகாதபடி மெத்தை தைத்த கதவுகளுக்குப் பின்னால் அமர்ந்து, இந்தத் தளத்தில் பாதியை மூடக் கையெழுத்திட்டார். செய்தியை நாம் பத்திரிகையில் படித்தோம்! அவர் இங்கே வந்தபோது எதிர்ப்புக் காட்டி விசில் அடித்தோம். "அமைச்சரய்யா, மைக் எங்க போச்சு?" என்று யாரோ கேட்டார்கள். எனக்கும் கோபம்தான், இன்றும் முழுதாக ஆறவில்லை.

அவர் காரில் ஏறவில்லை. என் அறைக்கு வந்து மைக்கைப் போடச் சொன்னார்.

"மூடுனது சரியா தப்பான்னு எனக்கே இன்னும் தெரியல. கதவச் சாத்திட்டு முடிவெடுத்தேன் பாருங்க, அது தப்பு."

விசில் நின்றது. யாரும் கைதட்டவில்லை. பெரிய பதவியில் இருந்து அப்படிச் சொன்ன இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவரை நேசிக்கிறேன்.

மிரோஸ்வாவ் அவர்களே, மிச்சமிருக்கும் பாதித் தளத்தைப் பற்றி நாளை புதிய முதலாளியோடு பேசப் போகிறீர்கள். ஓட்டல் அறையில், கதவை மூடிக்கொண்டு என்று கேள்விப்பட்டேன். பேச்சை இங்கே, இந்த மண்டபத்தில் வையுங்கள். ஹென்ரிக் வழியில் நடப்போம் என்று மலர்வளைய நாடாவில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வழி இதுதான்.

எனக்கு வயதாகிவிட்டது. ஆனால் மைக்கைப் போட இந்தக் கை இன்னும் போதும். இப்போதும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வாசலில் நிற்கிறவர்களுக்கு எல்லாம் கேட்கிறது.

எழுந்து வாருங்கள், மிரோஸ்வாவ். உங்கள் பதிலை இதில் சொல்லுங்கள்.