நங்கி கை வைத்த பொட்டலம்

பெரிய ஹாமதுரு அவர்களுக்கு,

நாளை ஏழாம் நாள் உபதேசத்தில் சொல்வதற்காக, காலமான என் தங்கையைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியவளிடம் நாலு வரி கேட்டால் நாலு பக்கம்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழை இருக்காது.

பெயர் குசுமலதா. வயது ஐம்பத்தொன்று. கடைக்குட்டி என்பதால் எங்களுக்கு அவள் வெறும் நங்கி. நீங்கள் இந்த விகாரைக்குத் தலைமைப் பிக்குவாக வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. வலது கை விளங்காத, இடது கையால் தாதுகோபுரத்து முற்றத்தைக் கூட்டுகிற பெண்ணாகத்தான் அவளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு போயாப் பௌர்ணமி அன்று, "உங்க தங்கச்சி கும்பிடுறப்பெல்லாம் ஏன் அழறாங்க டீச்சர்?" என்று கேட்டீர்கள். பழைய கதை என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன். சொல்லி இனி யாருக்கும் கெடுதல் இல்லை.

எங்களைப் பெற்ற அப்பச்சி இரத்தினபுரியில் இரத்தினக்கல் வியாபாரம் செய்தவர். அவர் காலமானபோது விற்காமல் மிஞ்சியிருந்த கற்களை அம்மா ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்தாள். ஒவ்வொன்றும் அவர் மடித்த காகிதத்திலேயே இருந்தது. மூன்று நீலம், ஒரு புஷ்பராகம், தாமரை நிறத்தில் ஒரு பத்மராகம், பிறகு சில்லறைக் கற்கள். அவற்றோடு அம்மாவின் பதக்கம், நாலு வளையல், அப்பச்சி விரலில் போட்டிருந்த வைடூரிய மோதிரம். பதக்கத்தை நான் ஒரு தடவை போட்டிருக்கிறேன். என் கல்யாணத்தன்று படம் பிடிப்பதற்காக அம்மா கழுத்தில் மாட்டிவிட்டாள், பொழுது சாய்வதற்குள் கழற்றி வாங்கிக்கொண்டாள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. விவரம் முழுமையாக இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அம்மா ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்தாள். பார்த்தவள் நங்கி. பக்கத்துக் காணியில்தான் என் வீடு, ஆனால் எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. நடுவில் பிறந்த தம்பி உபாலிக்கு டவுனில் டயர் கடை இருந்தது. நங்கிக்குத் தையல் மெஷினும் அம்மாவும் இருந்தார்கள். நாற்பதாவது வயதில் ஒரு நல்ல இடம் அமைந்தது. பெல்மதுளையில் பால் சேகரிக்கும் நிலையத்தில் வேலை பார்த்த விஜேபால, பெண்சாதி இல்லாதவர். அம்மாவின் காரியங்கள் முடியட்டும் என்று காத்திருந்தார்.

அம்மா போன பிறகு அந்த டின்னை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. அம்மா எதுவும் சொல்லாமலே போய்விட்டாள் என்று நான் சொன்னேன்.

உபாலி சிரித்தான். "இதை வெச்சு அடைகாக்கவா போறோம்? வித்து மூணா பிரிச்சிருவோம் அக்கா."

நங்கி, "எனக்கு அப்பச்சியோட மோதிரம் மட்டும் போதும் அண்ணே. மத்தது அக்கா சொல்றபடி," என்றாள்.

"அப்ப சரி. டீச்சர் சொன்னா மறுபேச்சு ஏது? அம்மாவோட மூணு மாச தானம் முடியட்டும், அன்னைக்கே அக்கா சொல்லிரட்டும்," என்றான் உபாலி.

எல்லோருமாகச் சேர்ந்து என் தலையில் கட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த மூன்று மாதமும் நான் சரியாகத் தூங்கவில்லை. விற்றால் அப்பச்சியின் கல் எவன் விரலிலோ போய் ஏறும். பிரித்தால் சண்டை வரும். நங்கியிடமே விட்டுவைத்தால், அவள் அந்தப் பதக்கத்தைப் போட்டுக்கொண்டு பெல்மதுளைக்குப் போவாள்.

அந்தச் சமயத்தில்தான் நம் புதிய தாதுகோபுரத்தின் உள்ளறையை, நிரந்தரமாக மூடிக் கட்டுவதற்கு முன் காணிக்கை வைப்பதற்காகத் திறந்து வைத்திருந்தார்கள். ஊரெல்லாம் வரிசையில் நின்று பொன்னும் மணியும் கொண்டுபோய் வைத்தது. அப்போதிருந்த பெரிய ஹாமதுரு வரிசைக்கு முன்னால் நின்று சொன்னார். கொடுக்கும் முன்னும் மனம் மகிழ வேண்டும், கொடுக்கும்போதும் மகிழ வேண்டும், கொடுத்த பிறகு நினைத்து நினைத்து மகிழ வேண்டும், மூன்று காலமும் மகிழ்ந்தால்தான் தானம் நிறையும் என்றார். எனக்கு அப்போதே வழி தெரிந்துவிட்டது. யாருக்கும் இல்லை என்று ஆகிவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. அம்மாவுக்கும் புண்ணியம்.

டின் இருந்த அலமாரியின் சாவி எப்போதும் நங்கியின் இடுப்பில் இருக்கும். குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றி என் கையில் தருவாள். ஒரு குளியலுக்குள் வேலை முடிந்தது. எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் பொட்டலமாகக் கட்டிக்கொண்டேன். டின்னில் கிணற்றடிச் சரளைக்கற்களைப் போட்டு மூடி வைத்தேன். தூக்கிப் பார்த்தால் பாரம் குறைந்திருக்கிறதே என்று அவள் பயந்துவிடக் கூடாதல்லவா.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் எனக்குப் பின்னால் நங்கியே வந்து நின்றாள். தன் காதில் கிடந்த சின்னத் தோட்டைக் கழற்றி வெற்றிலையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதுதான் அவளிடம் இருந்த ஒரே பொன். என் கைப் பொட்டலத்தைப் பார்த்தாள்.

"என்ன அக்கா அது, பாரமா இருக்கும் போலருக்கே?"

"அம்மா பேர்ல வைக்கிறேன்."

"நானும் கை வெச்சுக்கவா? எனக்கும் புண்ணியத்துல பங்கு கிடைக்குமே."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கொடுப்பவரின் பொருளில் நாலு பேர் கை வைத்துப் பங்கு கொள்வது நம்மிடையே உள்ள வழக்கம்தானே. அவள் வலது கையை நீட்டிப் பொட்டலத்தின் மேல் வைத்தாள். இரண்டு பேருமாகத்தான் அதை உள்ளே இறக்கினோம். ஆகவே அவளுக்குத் தெரியாமல் நான் செய்தேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது.

வியாழக்கிழமை அம்மாவின் மூன்று மாதத் தானம். சாப்பாடெல்லாம் முடிந்து ஹாமதுருமார் போன பிறகு, உபாலி டின்னைக் கொண்டுவந்து பாயில் கவிழ்த்தான். சரளைக்கற்கள் உருண்டன. சொந்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், விஜேபாலவும் இருந்தார்.

"சாவி யார்கிட்ட இருந்துச்சு?" என்றான் உபாலி.

"என்கிட்டதான் அண்ணே. யாருக்கும் குடுக்கல," என்றாள் நங்கி.

அவள் பொய் சொல்லவில்லை. என்னிடம் தருவதை யாருக்கோ தருவதாக அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போதாவது நினைவு வரும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

"அப்ப கல்லுக்குக் கால் முளைச்சு நடந்து போயிருச்சா? காதுத் தோடும் காணோம். எல்லாத்தையும் சேர்த்தே வித்துட்டியா?"

"தோட்டை நான் தாதுகோபுரத்துல வெச்சேன் அண்ணே. அக்கா பார்த்தாங்களே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவளுக்காகத்தான் பேசினேன். "அவளை ஒண்ணும் சொல்லாதே உபாலி. பாவம், அவளுக்குக் கல்யாணச் செலவு இருக்கு," என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? நங்கி பாயில் உட்கார்ந்து சரளைக்கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டின்னில் போட்டாள். அவளுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

விஜேபால மறுநாள் என் வீட்டுக்கு வந்தார். "எனக்கு நகை ஒண்ணும் வேணாம் டீச்சர். அவங்க எடுத்திருக்க மாட்டாங்கன்னு மனசு சொல்லுது," என்றார். நல்ல மனுஷன். "எனக்கும் அதே நம்பிக்கைதான் தம்பி. நாளைக்குச் சமன் தெய்வத்தோட தேவாலயத்துல சத்தியம் பண்ணப் போறா. அது ஆனதும் ஊர் வாய் தானா அடங்கிரும். கொஞ்ச நாள் பொறுத்து வாங்க," என்று அனுப்பி வைத்தேன்.

சத்தியம் கேட்டது உபாலி. அழைத்துக்கொண்டு போனது நான். நங்கி தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கி, "நான் எடுத்திருந்தா இந்தக் கை விளங்காமப் போகட்டும்," என்று சொல்லி உடைத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "இப்பதான் அக்கா மனசு லேசாச்சு," என்றாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அன்று சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை போயா. அன்றுதான் உள்ளறையை மூடினார்கள். அதுவரை திறந்துதான் இருந்தது, பக்கத்தில் போய்க் குனிந்தால் என் வெள்ளைத் துணி தெரியும். ஒரு வார்த்தை போதும். நான் விளக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு மேசன் வைத்த கடைசிச் செங்கல் வரைக்கும் நின்றேன். மூடிய பிறகு என் கையில் என்ன இருக்கிறது? தாதுகோபுரத்தை உடைப்பது எப்பேர்ப்பட்ட பாவம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னாலும் முடியாது, யாராலும் முடியாது என்று ஆகிவிட்டது.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் காலை, பாற்சோறு கிளறிக்கொண்டிருந்தபோது நங்கியின் கையிலிருந்து அகப்பை விழுந்தது. வலது கை அதற்குப் பிறகு எழவில்லை. டாக்டர் இரத்த அழுத்தம் என்றார். ஊர் வேறு சொன்னது. சமன் தெய்வம் கண் திறந்துவிட்டது என்று உபாலியே வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான், பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. விஜேபாலவும் வரவில்லை.

நான்தான் அவளை என் வீட்டுப் பின்னறைக்குக் கூட்டிவந்தேன். பதினொரு வருடம் பிசைந்து ஊட்டினேன், தலை வாரிவிட்டேன். இதை உபதேசத்தில் சொல்லலாம்.

முதல் சில மாதம், "நான் எடுக்கல அக்கா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு பேச்சு மாறியது. ஒருநாள் விளங்காத கையை மடியில் தூக்கி வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெய்வம் பொய் சொல்லுமா அக்கா?"

"சொல்லாது."

"அப்ப இந்தக் கைதான் எடுத்திருக்கு. எனக்குத் தெரியாமலே எடுத்திருக்கு. எங்க வெச்சேன்னுதான் ஞாபகம் வர மாட்டேங்குது."

நான் மறுத்துப் பேசவில்லை. நோயாளியோடு வாதம் செய்யக் கூடாது. அன்று சாயங்காலம் அவள் என் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டாள். மன்னித்துவிட்டேன் என்று தலையில் கை வைத்தேன். அது அப்படியே பழக்கமாகிவிட்டது. தினமும் விளக்கேற்றியதும் வருவாள். பகலில் கிணற்றடியில் இடது கையால் மண்ணைக் கிளறுவாள், அங்கே புதைத்திருப்போமோ என்று. போயா நாட்களில் தாதுகோபுரத்துக்கு முன்னால் நின்று அழுவாள். என்ன வேண்டிக்கொள்கிறாய் என்று கேட்டேன். "அந்தப் பொருளெல்லாம் எங்க இருக்குன்னு எனக்குக் காட்டிக் குடுங்கன்னு கேக்குறேன் அக்கா," என்றாள். அந்த வெள்ளைச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்பாள். ஆனால் நான் என்ன செய்ய முடியும்?

கடைசி நாளில்கூட அதையேதான் சொன்னாள். "இன்னும் ஞாபகம் வரலக்கா. உங்களுக்கு ஒண்ணுமே குடுக்க முடியாமப் போச்சு." பரவாயில்லை, மன்னித்துவிட்டேன் என்றேன். அவள் மன்னிக்கப்பட்டவளாகத்தான் கண்ணை மூடினாள்.

ஒரு திருத்தம். அம்மா எதுவும் சொல்லாமல் போனாள் என்று மேலே எழுதியிருக்கிறேன். கட்டுரை என்றால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். போவதற்கு இரண்டு நாள் முன்பு, நங்கி துணி அலசப் போயிருந்த நேரம், அம்மா என் கையைப் பிடித்துச் சொன்னாள். "டின்னுல இருக்கிறதெல்லாம் சின்னவளுக்கு. உனக்குப் பென்ஷன் இருக்கு, உபாலிக்குக் கடை இருக்கு. அவளுக்கு யாரு இருக்கா? நீ நேர்மையானவ, உன்கிட்ட சொன்னா போதும்." அம்மா என்னை நேர்மையானவள் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். ஆக, அந்தப் பொருள் நங்கியுடையது. அதை எடுத்தவள் நான். எடுத்தது அவள் என்று ஊரை நம்ப வைத்ததும், கடைசியில் அவளையே நம்ப வைத்ததும் நான்.

ஆனாலும் தானம் தானம்தானே. அந்தப் பழைய ஹாமதுரு சொன்ன மூன்று காலத்தையும் நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். பொட்டலம் கட்டும்போது என் மனம் மகிழ்ந்திருந்தது. என் கைக்குப் பக்கத்தில் அவள் கையும் சேர்ந்து அதை உள்ளே இறக்கியபோது மகிழ்ந்திருந்தது. கொடுத்த பிறகு மகிழ்வதுதான் எல்லோருக்கும் கஷ்டம் என்பார்கள். எனக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. பதினொரு வருடம் தினமும் விளக்கேற்றியதும் அவள் வந்து மண்டியிடுவாள், நான் அவள் தலையில் கை வைப்பேன். ஒரு சாயங்காலம்கூட அந்த மகிழ்ச்சி குறைந்ததில்லை. ஆகவே அந்தத் தானம் முழுசாக நிறைந்திருக்க வேண்டும்.

நாளை புண்ணியம் சேர்ப்பிக்கும்போது, மறக்காமல் அந்தத் தானத்தின் புண்ணியத்தில் ஒரு பங்கை நங்கியின் பெயருக்குச் சொல்லிவிடுங்கள். அவளுக்குச் சேர வேண்டியதை அக்கா வைத்துக்கொண்டாள் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.