பின்சக்கர பிரேக்

பழைய பஸ்ஸில் முதலில் கெட்டுப்போவது கதவுதான். எல்லோரும் எஞ்சின் என்று நினைப்பார்கள். கதவுக்கு அடுத்தது ஃபேன் பெல்ட். பிறகு ரேடியேட்டர் குழாய், கிளட்ச், ஸ்டார்ட்டரின் எர்த் ஒயர். பாங்காக் வெயிலில் இவை ஒவ்வொன்றாக வரும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கிளம்பும். அவற்றைச் சரிசெய்வதுதான் டெப்போவில் என் வேலை. பெயர் பிரயூன். அதை வாக்குமூலத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பீர்கள்.

நீங்கள் கேட்கும் சிவப்பு பஸ்ஸை ஓட்டியவன் புன்லெர்ட். அவன் மனைவி ரவீவன் அதே பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தாள். இந்த ஊரில் அப்படி நிறைய ஜோடிகள் உண்டு. வீட்டுச் சண்டையைப் பஸ்ஸிலேயே போட்டு முடித்துவிடுவார்கள். வண்டி என்னிடம் வந்தால், வேலை முடியும்வரை இருவரும், நான் வண்டிக்கு அடியில் இறங்கி நிற்கும் பள்ளத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி இருக்கைக்கு அடியில் ரவீவன் ஒரு மண் உரல் வைத்திருந்தாள். அதை இறக்கிப் பப்பாளிக்காயை மிளகாயோடு இடித்துச் சாலட் செய்வாள். வண்டிக்கு அடியில் நிற்கும் எனக்கு உலக்கைச் சத்தம் கேட்கும்.

"அண்ணே, மொளகா எத்தன?"

"ரெண்டு."

"கைக்கொழந்தைக்கா ஊட்டப் போறேன்? அஞ்சு போடறேன். அழுதுகிட்டே சாப்புடுங்க."

"அவரு எதுக்குடி அழணும்? உன்னையா கட்டியிருக்காரு?" என்பான் புன்லெர்ட்.

ஒட்டும் அரிசிச் சோற்றைக் கையால் உருட்டி, மூவரும் ஒரே தட்டில் தொட்டுச் சாப்பிடுவோம். ஒரே தட்டில்.

எனக்கு வீட்டில் யாரும் இல்லை. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த வண்டி தானாகத்தான் பழுதாகி வந்துகொண்டிருந்தது. பிறகு, ஒரு மழைக்காலத்தில், நாள்கணக்கில் ஒழுங்காக ஓடியது. பெஞ்ச் காலியாகக் கிடந்தது. வண்டி டெப்போவுக்குள் வந்து திரும்பும் இடைவெளியில் அதன் ஃபேன் பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். அந்த அளவு தளர்ந்தால் எஞ்சின் சூடேறும், டிரைவர் திரும்பி வருவான். யாருக்கும் ஆபத்தில்லை. பயணிகள் இறங்கி வேறு பஸ் ஏறிக்கொள்வார்கள்.

அடுத்த தடவை டீசல் குழாயின் இணைப்பு. அரைத் திருகு தளர்த்தினால் காற்று உள்ளே ஏறும். வண்டி சிக்னலில் நின்றுவிடும். அதற்கடுத்து எர்த் ஒயர். ஒரே பழுதை அடுத்தடுத்து வைக்கவில்லை. நல்ல மெக்கானிக்குக்கு அது அழகல்ல.

இங்கே ஒவ்வொரு வண்டியிலும் ஒரு மே யாநாங் குடியிருக்கிறாள். வண்டியைக் காப்பவள். ஸ்டியரிங்குக்கு மேலே அவளுக்கு மல்லிகைச் சரம் கட்டாமல் ரவீவன் வண்டியை எடுக்க விடமாட்டாள். காரணம் தெரியாத பழுது வந்தால் அவளுக்குக் கோபம் என்று சொல்வது வழக்கம். நான் அதைக் கிளப்பவில்லை. ரவீவன்தான் சொன்னாள்.

"நேத்து இவரு வண்டிய காலால ஒதைச்சாருண்ணே. அதான் அம்மா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா."

"டயர்ல காத்து இருக்கான்னு பாத்தேன்டி."

"ஒங்கம்மாவையும் அப்படித்தான் ஒதைச்சுப் பாப்பீங்களா?"

நான் பள்ளத்துக்குள் இருந்தபடி, "கோபம்தான் போல," என்றேன். அதன்பிறகு எனக்கு எளிதாயிற்று. என்ன பழுது என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் சிவப்பு சோடாவும் அவித்த முட்டையும் வைத்துக் கும்பிடுவார்கள். நான் திருகை முடுக்குவேன். வண்டி ஓடும். பிரயூன் அண்ணன் கை பட்டால்தான் அம்மா அடங்குகிறாள் என்று ரவீவன் டெப்போ முழுக்கச் சொல்லி வைத்தாள். வேறு மெக்கானிக்கை அவள் கிட்டேயே விடவில்லை.

இந்த வருடம் பழைய பஸ்களை உடைக்க அனுப்பப் போவதாகச் செய்தி வந்தது. சொங்க்ரான் புத்தாண்டுப் பண்டிகையோடு வேலையை விட்டுவிட்டு, ரோய் எத் ஊரில் இருக்கும் மகளிடம் போய்விடுவதாகப் புன்லெர்ட் சொன்னான்.

"நீங்களும் வாங்கண்ணே. வந்து ஒரு வாரம் இருங்க," என்றாள் ரவீவன்.

நல்ல மனதோடுதான் சொன்னாள். ஒரு வாரம் என்று சொன்னாள்.

அவர்கள் போவதற்குள் எனக்கு ஒரு முழு நாள் வேண்டும் என்று தோன்றியது. பெல்ட்டும் ஒயரும் சீக்கிரம் முடிந்துவிடும். பிரேக் லைனிங் மாற்றுவது அப்படியல்ல. சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை இறக்கி, பழைய லைனிங்கைத் தட்டி எடுத்துப் புதிது அடிக்கப் பொழுது போய்விடும்.

லைனிங் தேய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என, அன்று காலை பின்சக்கரங்கள் இரண்டின் பிரேக்கையும் தளர்த்தி வைத்தேன். முன்சக்கரங்களைத் தொடவில்லை. முன்பிரேக் மட்டும் இருந்தாலே மெதுவாகப் போகும் வண்டி நின்றுவிடும். நான் யோசித்துத்தான் செய்தேன். கவனமில்லாத ஆள் என்று என்னை யாரும் சொன்னதில்லை.

புன்லெர்ட் டெப்போவுக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணே, பிரேக் லேட்டாப் பிடிக்குதே. பாக்கறீங்களா?"

ஃபோர்மன் பக்கத்தில் நின்றிருந்தார். அப்போதே பழுது என்று சொன்னால் அவர்களை வேறு பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார். என்னிடம் வண்டி மட்டும் இருக்கும். முதல் நடை முடிந்து வந்தால், கொடுப்பதற்கு வேறு பஸ் மிஞ்சாது.

"அம்மாவுக்குப் பூ வெச்சாச்சா?" என்று கேட்டேன்.

"நேத்துப் பூதாண்ணே தொங்குது," என்றாள் ரவீவன். "வழியில நிறுத்துங்கன்னு தலைபாடா அடிச்சுகிட்டேன். இந்த மனுசனுக்குக் காது எங்க கேக்குது?"

"அதான் கோபம். புதுசு கட்டுங்க, சரியாயிரும். ஒரு நடை போயிட்டு வாங்க, அப்புறம் பாக்கறேன்."

வாசலில் நிறுத்திச் சரம் வாங்கினார்கள். அவள் அதைக் கட்டிக் கைகூப்புவதைப் பார்த்தேன். பிரேக்கைப் பற்றி அவன் மறுபடி கேட்கவில்லை.

அந்த நடையில், வழியில் இருக்கும் பாலத்தில் ஏறும்போது வண்டியில் நிற்க இடமில்லை என்கிறார்கள். அவ்வளவு பாரத்தோடு இறக்கத்தில் முன்பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறும். சூடேறினால் பிடிக்காது. இது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ரவீவன் முன்படியில் நின்று, கீழே நிறுத்தத்தில் இருந்தவர்களை விலகச் சொல்லிக் கத்தியிருக்கிறாள். கடைசிவரை அந்தப் படியிலேயே நின்றிருக்கிறாள். அவள் குரல் டெப்போவின் மறுகோடிக்குக் கேட்கும். அதைக் கேட்டுச் சிலர் விலகியிருக்கிறார்கள். விலகாதவர்களின் பெயர்களை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். அவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது.

விபத்து நடந்ததும் இங்கே டிரைவர்கள் ஓடிவிடுவார்கள். புன்லெர்ட்டும் ஓடினான். ஓடி என் அறைக்குத்தான் வந்தான். வேறு எங்கும் போகத் தோன்றவில்லை என்றான்.

"மிதிச்சேண்ணே. ரெண்டு காலாலயும் ஏறி மிதிச்சேன்."

"பதட்டத்துல கால் தப்பான பெடலுக்குப் போயிரும், தம்பி. பெரிய பெரிய டிரைவருக்கே ஆகியிருக்கு."

அவன் என்னையே பார்த்தான். "ஆக்ஸிலேட்டரையா மிதிச்சேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்? சீட்டுல நீதான உக்காந்திருந்த."

அவனை வெளியே விடவில்லை. அவன் சட்டையைத் துவைத்துப் போட்டேன். சோற்றை உருட்டிக் கையில் கொடுத்தேன். கொடுத்தால் சாப்பிட்டான். ராத்திரியில் பாயில் கிடந்து அழுதுவிட்டுத் தூங்கிப்போவான். என் அறையில் இன்னொருவர் மூச்சு விடுவதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். நான் நன்றாகத் தூங்கினேன்.

ரவீவனைத் தகனம் செய்யும் நாளன்று கிளம்பிவிட்டான். தகனம் நடக்கும் புத்தர் கோயிலுக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு, சரணடைய உங்களிடம் வரப்போவதாகச் சொன்னான். போக வேண்டாம் என்றேன். வாசலில் நின்று செருப்பைப் போட்டான்.

"ஆக்ஸிலேட்டர்தாண்ணே," என்றான். "இப்ப ஞாபகம் வருது."

அவன் உங்களிடமும் அதையே சொல்லியிருக்கிறான். அது உண்மையில்லை. அவன் பிரேக்கைத்தான் மிதித்தான். சந்தேகம் இருந்தால் டிரம்களைக் கழற்றிப் பாருங்கள். முன்சக்கர டிரம்கள் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும். பின்சக்கரத்தில் ஒன்றும் இருக்காது. தளர்த்தியது நான். ரவீவனையும் மற்றவர்களையும் கொன்றது நான். இதை யாரும் என்னை வற்புறுத்திச் சொல்ல வைக்கவில்லை. அவன் போனபின் சில நாள் அறையில் இருந்து பார்த்தேன். பிறகு வந்தேன்.

கையெழுத்துப் போடுமுன் ஒரு வரி சேர்க்க வேண்டும். பிரேக் தளர்ந்திருப்பதைப் புன்லெர்ட்டிடம் சொன்னேன், தெரிந்தேதான் வண்டியை எடுத்தான் என்று எழுதுங்கள். அவன் மறுப்பான். பூவைப் பற்றி மட்டும்தான் சொன்னார் என்பான். அவன் சொல்வதுதான் உண்மை. ஆனாலும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அவனை விட்டுவிடுவீர்கள். மகள் இருக்கிறாளே என்பீர்கள். மகளுக்குக் குடும்பம் இருக்கிறது. என்னை அனுப்பும் சிறைக்கே அவனையும் அனுப்புங்கள். முதலில் கோபப்படுவான். பிறகு பேசுவான்.

எனக்காகக் கேட்கவில்லை ஐயா. தனியாக இருக்க அவனால் முடியாது.