ஆஸ்பத்திரிக்குச் செய்த ஒரே மெத்தை

இந்த நாற்காலியில முழு நாளும் எப்படித்தான் உக்கார்றீங்க, இன்ஸ்பெக்டர் ஷர்மினி? முதுகு போயிரும். முப்பது வருசமா பத்து பகாட் டவுன்ல சோபா செய்றவன் நான், பார்த்தாலே தெரியும்.

சரி, சொல்றேன்.

கோவிட்டுன்னு நாட்டையே பூட்டினப்ப என் ஃபேக்டரியும் மூடித்தான் கிடந்துச்சு. நாலே நாள். டத்தோவுக்கு ஒரு போன் போட்டேன். டத்தோ பட்டம் வாங்கினவர், கட்சியில பெரிய ஆள். தேர்தல் வந்தா அவரோட பந்தல், சாப்பாடெல்லாம் என் பொறுப்பு. "ராஜசேகரா, ஆஸ்பத்திரிக்கு ஏதாச்சும் செய்வியா?"ன்னார். "செய்றேன் டத்தோ"ன்னேன். மறுநாளே அத்தியாவசியத் தொழில்னு கடிதம் வந்துருச்சு. ஒரு மெத்தை தைச்சு, படம் எடுத்து, படத்தை மட்டும் அனுப்பினோம். மத்ததெல்லாம் வழக்கம்போல சோபாதான். ஆளுங்களை ஃபேக்டரியிலேயே தங்க வச்சேன். ரோட்டுல வண்டியே கிடையாது, எங்க லாரி மட்டும் ஜாலியா போகும். சந்தோஷமான நாளுங்க அது.

அப்பதான் சூப்பர்வைசர் ஐயாசாமிக்குக் காய்ச்சல். "பாஸ், மூச்சு இழுக்குது. கிளினிக் போயிட்டு வந்துரவா?"ன்னு கேட்டார்.

போனா டெஸ்ட் எடுப்பாங்க. கோவிட்டுன்னு தெரிஞ்சா ஃபேக்டரிக்கு சீல். சோபா கம்பெனிக்கு யார் கடிதம் வாங்கிக் கொடுத்தாங்கன்னு பேப்பர்ல வரும். பாவம் டத்தோ, ஒரு காய்ச்சலுக்காக அவர் பேரு கெடணுமா?

ஸ்பாஞ்சு ஸ்டோர்ல அந்த ஆஸ்பத்திரி மெத்தையைப் போட்டு ஐயாசாமியைப் படுக்க வச்சேன். காத்தாடி, பெனடோல் மாத்திரை, கஞ்சி, எல்லாம் கொடுத்தேன். மத்தவங்களுக்கு ஒட்டிக்கக்கூடாதுன்னு வெளியே பூட்டினேன். ஓய்வெடுக்கட்டும்னு போனையும் வாங்கி வச்சுக்கிட்டேன். அவர் மனைவி சந்திரமதி கூப்பிட்டாங்க. "நல்லா இருக்கார்க்கா, கூலாய் டவுனுக்குச் சாமான் ஏத்திக்கிட்டுப் போயிருக்கார்"னேன். எவ்வளவு நிம்மதி அவங்களுக்கு.

மூணாவது நாள் காலையில கதவைத் தட்ட ஆரம்பிச்சார். ஆளுங்க தையலை நிறுத்திட்டு என்னையே பார்த்தாங்க. ரேடியோவைச் சத்தமா வைக்கச் சொன்னேன். நல்ல நல்ல பாட்டு போட்டாங்க அன்னிக்கு. மதியம் தட்டுறது நின்னுருச்சு. தூங்கட்டும்னு விட்டேன். சாயந்தரம் கஞ்சியோட திறந்தா, உயிர் இல்ல.

சந்திரமதிக்கு இருந்ததிலேயே நல்ல தோல் சோபாவா பார்த்து அனுப்பினேன். திருப்பி அனுப்பிட்டாங்க. வீடு சின்னது போல.

அப்ப யாரும் என்னை எதுவும் கேக்கல. டத்தோ தேர்தல்ல தோத்த பிறகுதான் நீங்க கூப்பிட்டிருக்கீங்க. பரவாயில்ல, உங்க வேலை அது.

ஏன் திறக்கலைன்னுதானே கேக்கறீங்க? சாவி என் பாக்கெட்டுலதான் இருந்துச்சு. தட்டுற சத்தமும் கேட்டுச்சு. காலையிலேயே திறந்திருந்தா பொழைச்சிருப்பார்னு எனக்கும் தெரியும். ஆனா அன்னிக்கு டத்தோ ஃபேக்டரியைப் பார்க்க வர்றேன்னு சொல்லியிருந்தார். இருமிக்கிட்டு ஒருத்தர் முன்னால வந்து நின்னா நல்லாவா இருக்கும்?

டத்தோ வரல. ஆனா அவரே போன் பண்ணி, "மன்னிச்சுக்கப்பா, வர முடியல"ன்னார். அப்படி ஒரு நல்ல மனுஷன், இன்ஸ்பெக்டர்.