சந்தனக் கும்பாவின் மூன்றாவது கால்

அன்று ரசம் மிக நன்றாக இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

1999ஆம் ஆண்டு ஆவணி மாதம், காரைக்கால் நெரவியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: தெட்சிணாமூர்த்தி ஆகிய நான், என் மனைவி வடிவாம்பாள், அன்று நிச்சயிக்கப்பட இருந்த எங்கள் மகள் மங்கையர்க்கரசி, என் தம்பி சிவநாதன், தூளியில் கிடந்த அவன் ஒரு வயது மகள் பிரதீபா, மாப்பிள்ளையின் தகப்பனாரான கோட்டுச்சேரி மருதையன், ரசக் குண்டானுடன் வந்து போய்க்கொண்டிருந்த சமையல்காரர் கருப்பையன். மாப்பிள்ளை வரவில்லை. நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வருவதில்லை என்று அப்போது எங்களிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மற்ற உறவினர் எல்லோரும் வாசல் பந்தலில் இருந்தார்கள். சுவரில் ஒரு கெவுளி இருந்ததா என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். இருந்திருக்கலாம். நான் கவனிக்கவில்லை.

நீங்கள் பதினோராயிரம் பேர் என்று பிரதீபா சொல்கிறாள். என் தம்பி மகள் செய்த விளையாட்டை ஆடிவிட்டு, பதினோராயிரம் பேரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை அல்ல. ஆகவே இதை என் கைப்பட எழுதுகிறேன். விளையாட்டின் பக்கத்தில் அவள் வெளியிடுவாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். பெயர் 'கெவுளி'. கம்ப்யூட்டரில் ஆடுவது. ஆடுகிறவர் ஒரு சுவர்ப் பல்லி. விட்டத்தில் தலைகீழாக ஊர்ந்து, நிச்சய வீட்டில் காணாமற்போன, சந்தனம் குழைத்து வைக்கும் வெள்ளிக் கும்பாவைத் தேட வேண்டும். மனிதர்கள் சாட்சி சொல்வார்கள். அம்மிக்கல், பீரோ, மின்விசிறி ஆகியவையும் சாட்சி சொல்லும். ஒருவர் பேசும்போது கெவுளி சத்தம் கொடுத்தால் அவர் சொன்னது உண்மை என்று எங்கள் பக்கத்தில் எடுத்துக்கொள்வோம். அதற்கு மேல் வாதம் கிடையாது. விளையாட்டின் ஒரே சட்டமும் அதுதான். யார் பொய் சொன்னாலும் கெவுளி பொய் சொல்லாது.

கும்பா காணாமற்போன கதை எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்தது. சம்பந்தி வீட்டுக் கும்பா, எங்கள் வீட்டில் தொலைந்தது. பிரதீபா அதற்கு ஒரு குறும்பான முடிவு வைத்திருந்தாள். துப்பறியும் கெவுளியேதான் குற்றவாளி. வால் அறுந்து சந்தனத்தில் விழுந்துவிட, வெட்கம் தாங்காமல் கும்பாவை ஜன்னல் வழியாகக் குளத்தில் தள்ளிவிடுகிறது. மனிதர் யார் மீதும் பழி இல்லை.

எங்கள் குடும்பத்தில் என் பார்வைக்கு வராமல் எதுவும் அச்சாகாது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கருமாதிக் கடிதம் எல்லாம் என்னிடம் வந்தாக வேண்டும். இறந்துபோன ஒருவர் விழாவுக்கு வந்து வாழ்த்துவதாக அச்சாக இருந்ததை நான் தடுத்திருக்கிறேன். பிரதீபாவும் அந்த வழக்கப்படிதான் மடிக்கணினியோடு வந்தாள்.

"பெரியப்பா, எழுத்துப்பிழை மட்டும் பாருங்க. நாளைக்கு வெளியிடணும்."

"மட்டும்னா?"

"மட்டும்னா மட்டுந்தான் பெரியப்பா. கதையில கை வச்சிடாதீங்க."

அது ஒரு நீண்ட பட்டியல். ஒவ்வொரு வரியிலும் ஒருவர் பேச்சு. பக்கத்தில் ஒரு கட்டம்: கெவுளி சத்தம் கொடுக்குமா? ஆம், இல்லை. கடைசி வரியில், குற்றவாளி: கெவுளி.

பதினான்கு எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். பிறகு இன்னும் மூன்று இடங்களில் கை வைத்தேன். விளையாட்டில் வரும் பெரியவர் என்ற பாத்திரத்துக்கு ஒரு வாக்கியம் சேர்த்தேன்: 'சமையல்காரர் ஒரு மூட்டையோடு கொல்லைப்புறம் போனதை நான் பார்த்தேன்.' பக்கத்துக் கட்டத்தில் 'ஆம்' என்று இட்டேன். சமையல்காரருக்குப் பெயர் இல்லாமல் இருந்தது. கருப்பையன் என்று எழுதினேன். கடைசி வரியிலும் அதே பெயரை எழுதினேன்.

இதை நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். கெவுளி எடுத்தது என்றால் கருப்பையன் எடுக்கவில்லை என்றாகிறது. அவர் எடுக்கவில்லை என்றால் ஊர் உட்கார்ந்து, கூடத்தில் வேறு யார் இருந்தார்கள் என்று விரல் விடும். மிச்சம் ஆறு பேர். அதில் ஒன்று தூளியில்.

பிரதீபா திரும்பப் படித்துப் பார்க்காமல் வெளியிட்டாள். "பெரியப்பா பாத்தாச்சுன்னா அதுக்கு மேல அப்பீல் ஏது" என்று தன் அப்பாவிடம் சொன்னாளாம். இரண்டாம் நாள்தான் கண்டுபிடித்தாள்.

"முடிவ மாத்திட்டீங்களே பெரியப்பா!"

"நடந்ததை எழுதினேன்."

சிறு வயது முதல் அவள் என் வாயால் கேட்ட கதையும் அதுதான். தயங்கினாள். அதற்குள் விளையாட்டு ஓடத் தொடங்கிவிட்டது. "இப்ப மாத்துனா ஆடி முடிச்சவங்க சண்டைக்கு வருவாங்க. நாலு நாள் போவட்டும்" என்றாள்.

அந்த நாலு நாளைப் பற்றி நான் உண்மையாக இருக்க விரும்புகிறேன். நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். பிரேசிலில் ஒரு பெண்மணி, பீரோ பேசும் இடத்தில் சிரித்துச் சிரித்துத் தன் காப்பியைக் கொட்டிவிட்டதாக எழுதியிருந்தார். போலந்தில் ஒருவர் நான்கு முறை ஆடியிருந்தார். ஒருவர், 'பெரியவரின் வசனங்களில் ஒரு கம்பீரம் இருக்கிறது' என்று எழுதினார். அதை வடிவாம்பாளிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். பேருந்து நிறுத்தத்தில் கல்லூரிப் பெண்கள் என்னைப் பார்த்ததும் நாக்கால் 'ச்சு ச்சு' என்று சத்தம் கொடுத்தார்கள். நான் தலையசைத்து ஏற்றுக்கொண்டேன். எழுபத்து நான்கு வயதில் ஒரு மனிதனைப் பல தேசங்களில் ஒரே சமயத்தில் படிக்கிறார்கள். விமர்சனங்களுக்குக் கீழே என் முழுப் பெயரில் பதில் எழுதினேன், மொத்தம் அறுபத்து மூன்று. பெரும்பாலும் திருத்தங்கள்.

"வேஷ்டி மடிச்சுக் கட்டிக்கிட்டு வீடு முழுக்க ஆடுறீங்களே, என்னாச்சு ஒங்களுக்கு?" என்றாள் வடிவாம்பாள்.

"வரவேற்பு" என்றேன்.

ஐந்தாம் நாள் மின்விசிறியைப் பற்றிய புகார் வந்தது. பொருள்கள் பேசும் பகுதி தனிப் பட்டியலாக இருந்தது. அதை நான் திறக்கவில்லை. மின்விசிறி என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து படிக்கிறவன் அல்ல நான். அது சொல்லியிருந்தது: 'கும்பா போன நேரத்தில் சமையல்காரரின் இரண்டு கைகளும் ரசக் குண்டானில் இருந்தன. ஆவி என் மேல் அடித்தது.' பக்கத்தில், ஆம்.

பெரியவர் சொன்னதற்கும் கெவுளி சத்தம் கொடுக்கிறது. மின்விசிறி சொன்னதற்கும் கொடுக்கிறது. கெவுளி பொய் சொல்லாது. அப்படியானால் யாரோ கெவுளியின் வாயில் கை வைத்திருக்கிறார்கள் என்று போலந்துக்காரர் எழுதினார். அன்று மாலைக்குள் 'கருப்பையன் எடுக்கவில்லை' என்று ஒரு குழு. கூடத்தின் வரைபடம் போட்டார்கள், குண்டானின் எடையைக் கணக்கிட்டார்கள். ஒரு பெண்மணி அந்த வாசகம் எழுதிய சட்டையோடு கம்பளியில் ஒரு பல்லி பின்னிப் படம் போட்டார். நன்றாகத்தான் பின்னியிருந்தார்.

அந்தக் குழுவில் ஒருவர், கும்பாவுக்கு நான்கு கால்கள் என்று எழுதியிருந்தார். நான் அதை விட்டிருக்கலாம். தவறு ஒன்று கண்ணெதிரே கிடக்கும்போது விட்டுவிட்டுப் போக எனக்கு வராது. பதில் எழுதினேன்: 'மூன்று கால்கள். கிளி வடிவம். மூன்றாவது கால் உட்பக்கமாக வளைந்திருக்கும். தரையில் வைத்தால் ஆடும்.'

நிச்சயத்தன்று எடுத்த புகைப்படம் விளையாட்டில் ஒரு தடயமாக வருகிறது. அதில் கும்பா தாம்பாளத்தில் நேராக நிற்கிறது. மூன்று கால்களும் நேர். இரண்டையும் அருகருகே வைத்து யாரோ கேட்டார்கள்: 'எப்போது வளைந்தது, ஐயா?' அதன் கீழே வரிசையாக அதே கேள்வி, பல மொழிகளில், 'ஐயா' என்ற சொல்லை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு.

மருதையன் தொலைபேசியில் வந்தார். அவருக்கு எண்பது நெருங்குகிறது, குரல் மட்டும் பழையபடி.

"சம்பந்தி, எங்க கும்பா ஆடாதுங்களே."

"சரிங்க" என்றேன்.

"ஆடாதுங்க. எங்கம்மா காலத்துக் கும்பா. ஒருநாளும் ஆடுனதில்ல."

ஆகவே, எப்போது வளைந்தது என்பதைச் சொல்கிறேன்.

சந்தனம் கொடுப்பதில் ஒரு முறை இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கும்பாவைப் பெண் வீட்டின் மூத்தவரிடம் முதலில் நீட்ட வேண்டும். மருதையன் என் தம்பியிடம் நீட்டினார். சிவநாதன் பக்கத்தில் நின்றான், அவ்வளவுதான் காரணம். "யாரு எடுத்தா என்னங்க, எல்லாரும் ஒரே குடும்பம்" என்று சிரித்தார். சிவநாதனும் சிரித்தான். இலை போட்டு எல்லோரும் குனிந்து சாப்பிடத் தொடங்கியபோது, கும்பாவைத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். கால் மணி நேரம் தேடட்டும், பிறகு கொண்டுவந்து கொடுத்து, முறை தெரிந்தவர்கள் பொருளையும் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லலாம் என்பது என் எண்ணம். பீரோவின் கீழ் அறை சரியாக மூடவில்லை. காலால் தள்ளினேன். அப்போதுதான் வளைந்தது.

நான் வெளியே வந்தபோது மருதையன் போலீஸ் என்ற சொல்லைச் சொல்லிவிட்டார். அதுவரை நான் செய்தது ஒரு திருத்தம். அதற்குப் பிறகு எடுத்துக் கொடுத்தால் அது திருட்டு. மகளின் நிச்சயம் கூடத்தில் பாதியில் நின்றது. யாராவது எடுத்திருக்க வேண்டும். சம்பந்தி இல்லை, தம்பி இல்லை, பெண்கள் இல்லை, குழந்தை இல்லை. நீங்கள் இப்போது ஆடும் புதிரை நான் அன்று அரை நிமிடத்தில் ஆடி முடித்தேன். "கருப்பையன் மூட்டையோட கொல்லப்பக்கம் போனத பாத்தேன்" என்றேன். நல்ல நாளில் போலீஸ் வேண்டாம் என்றும் சொன்னேன். நான் சொன்னதால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. நிச்சயம் நடந்தது. கல்யாணமும் நன்றாக நடந்தது.

அத்துடன் விடவில்லை. அரைகுறையாகச் செய்வது என் வழக்கம் அல்ல. விசேஷம் வைத்திருந்த வீடுகளுக்கு நானே போய் உட்கார்ந்து, யாரைச் சமையலுக்கு அழைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு முகூர்த்த மாதங்களில் அவருடைய கரண்டிகள் ஓய்ந்தன. பிறகு அவர் வயல் வேலைக்குப் போனதாகக் கேள்வி. அவருடைய மகள் தாமரைச்செல்வியைப் பெண் பார்க்க வந்தவர்கள் விசாரிக்க என்னிடம்தான் வந்தார்கள். தெரிந்ததைச் சொன்னேன். அவர்கள் திரும்பிப் போனார்கள். மூன்று முறை கருப்பையன் எங்கள் வீட்டுக்கு வந்து, "ஒரு வார்த்த சொல்லுங்கய்யா, நான் எடுக்கலன்னு" என்று கேட்டார். மூன்று முறையும் மோர் கொடுக்கச் சொன்னேன். அவர் குடித்துவிட்டுப் போனார். பீரோ அவருக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை நாலாவது முறை வந்தார். கூடவே தாமரைச்செல்வி, நாற்பதைத் தாண்டிவிட்டாள், தலத்தெருவில் ஆசிரியை. அழைத்து வந்தது பிரதீபா. கருப்பையன் கோபத்தோடு வருவார் என்று எதிர்பார்த்து நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். கையில் மகளின் கைபேசி.

"ஐயா, பாருங்கய்யா! பல்லிக்குச் சட்ட போட்டு என் பேர எழுதியிருக்காங்க! போலந்துல ஒருத்தரு, நான் எடுத்திருக்கவே முடியாதுன்னு படம் போட்டுக் காட்டியிருக்காரு. என் ரசத்த ஒரு வாய் குடிச்சதில்லய்யா அவரு."

"அப்பா, கேக்க வந்தத கேளுங்க" என்றாள் தாமரைச்செல்வி.

"இரும்மா. பதினோராயிரம் பேரும்மா. நெரவியில மொத்தமா எத்தன பேரு இருப்பாங்க?"

"நீங்க கேக்கலன்னா நான் கேக்குறேன்." அவள் என் பக்கம் திரும்பினாள். "எங்க இருக்குங்க அது?"

நான் பேசுவதற்குள் வடிவாம்பாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தாள். கீழ் அறையில் என் பட்டு வேட்டிக்கு அடியில் கையை விட்டாள். தேடவில்லை, நேராக எடுத்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

"சாவி எங்கிட்டதான இருக்கு. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். இருபத்தாறு வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்ததுக்கு நானுந்தான் திருடி."

கும்பாவைத் தரையில் வைத்தாள். அது ஆடியது. ஆடி நின்றது. கருப்பையன் குனிந்து பார்த்தார். தொடவில்லை. அவர் சிரிப்பு அப்போதுதான் போனது.

"இவ்ளோ சின்னதாய்யா?" என்றார்.

பிரதீபா அழுதுகொண்டே மடிக்கணினியை என் முன்னால் வைத்தாள். "இப்ப திருத்துங்க பெரியப்பா. நீங்களே."

திருத்தினேன். பெரியவரின் வாக்கியத்துக்குப் பக்கத்தில் 'இல்லை' என்று இட்டேன். கடைசி வரியில் என் பெயரைத் தந்தையார் பெயரோடு முழுமையாக எழுதினேன். அரைப்பெயராக எழுதினால் வேறொரு தெட்சிணாமூர்த்தி மீது பழி விழக்கூடும். இனி நீங்கள் ஆடினால் கெவுளி சரியாகச் சொல்லும். சந்தனக் கும்பாவை எடுத்தது நான். கருப்பையன் பெயரைச் சொன்னதும், அதை வீடு வீடாகக் கொண்டுபோனதும், உங்கள் விளையாட்டில் எழுதியதும் நான். எல்லாம் குடும்ப மானத்துக்காகச் செய்தது. அதை யாரும் பாராட்ட வேண்டியதில்லை.

கும்பாவை மருதையனிடம் சேர்ப்பித்தாயிற்று. புதிய முடிவுக்கு முதல் நாளே நல்ல விமர்சனங்கள் வந்திருப்பதாகப் பிரதீபா சொன்னாள். இந்த முறை எதையும் எனக்குப் படித்துக் காட்டவில்லை. எங்கள் வீட்டுக் காதணி அழைப்பு ஒன்று போன வாரம் என்னிடம் வராமலே அச்சுக்குப் போயிருக்கிறது.

கடைசியாக ஒன்று. நான் கருப்பையனிடம் மன்னிப்புக் கேட்டதாகவும், அவர் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டதாகவும் நெரவியிலும் தலத்தெருவிலும் ஒரு பேச்சு நடமாடுகிறது. உங்கள் குழுவிலும் சிலர் அதை எழுதி மகிழ்ந்திருக்கிறீர்கள். அது தவறு. இரண்டும் நடக்கவில்லை.