பத்மஸ்ரீயைத் திட்டியவர்

விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு புருஷனும் பொண்டாட்டியும் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் அறுபது வயசுக்கு மேல் இருக்கும்.

"பத்மஸ்ரீ குடுக்கறோம்னு டெல்லிலேர்ந்து போன் பண்ணா, யாராவது திட்டுவாங்களாய்யா?" என்றாள் அந்த அம்மா.

"சீட்டுக் கம்பெனின்னு நெனச்சிக்கினேன். ஒரு தபா கட்டி ஏமாந்தது பத்தாதா?"

"ஏரிக்கரை பூரா பனங்கொட்டை நட்டியே, அதுக்குத்தான்னு அவரு தமிழ்லதான சொன்னாரு?"

"பனங்கொட்டைக்கு எவன்டி விருது குடுப்பான்? வேல இல்லாத மனுஷன்னு நீதான தெனம் சொல்ற."

"நான் சொல்லுவேன். அதுக்காக கவர்மெண்ட்ட திருட்டுப் பயலேன்றதா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இனிமே எங்க கூப்புடப் போறாங்க" என்றார்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது அவர் போன் அடித்தது.

"அதே நம்பருடி" என்றார். எடுக்கவில்லை. அந்த அம்மா பிடுங்கிக் காதில் வைத்தாள்.

"ஆமாங்க, அவரு சம்சாரம்தான் பேசறேன். வாங்கிக்கறோங்க, கண்டிப்பா வர்றோங்க. நேத்து உங்களத் திட்டினது இவரு இல்லீங்க, இவரு தம்பி. இவரு அதிர்ந்துகூடப் பேச மாட்டாருங்க."