மாலக்கியோட நல்ல நிறம்

குடியா? அது சரி, நீயும் அதைத்தான் கேக்குற. காலைல இருந்து இந்தச் சாவு வீட்டுக்கு வந்தவங்க அத்தனை பேரும் கண்ணாலயே கேட்டுட்டுப் போனாங்க. நீ சித்தப்பா மகன், உரிமையா வாயால கேட்டுட்ட. உக்காரு கொலம். கால்வேயில இருந்து வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்க, நின்னுக்கிட்டேவா டீ குடிப்ப?

என் தம்பி மாலக்கி ஒரு சொட்டு தொட்டவன் இல்லடா. பெட்டியில பாத்தல்ல, கோட்டுல ஒரு பின் குத்தியிருக்கே? பள்ளிக்கூடத்துல படிக்கும்போது, குடிக்க மாட்டேன்னு சர்ச்சுல சத்தியம் பண்ணி வாங்குனது. ஈரல் கெட்டுப்போச்சுன்னதும் ஊரு என்ன சொல்லுச்சு தெரியுமா? பின்னு வெளிய, பாட்டில் உள்ளயாம். மாட்டுக் கொட்டாயில ஒளிச்சு வச்சுக் குடிச்சானாம். எங்க ஊர் டாக்டரும் என்னைத் தனியாக் கூப்பிட்டு, உண்மையைச் சொல்லுங்க, வாரத்துக்கு எவ்வளவுன்னாரு. படிச்ச மேதை.

இப்ப பெட்டிகிட்ட நின்னுக்கிட்டு, எவ்வளவு நல்ல நிறமா இருக்காருங்கிறா அந்த மிஸஸ் பாரெட். நீயும் கூடச் சேந்து தலையாட்டுற. வருஷம் முச்சூடும் மழை கொட்டுற அயர்லாந்துல, அதுலயும் இந்த மேயோவுல ஒருத்தன் வெயில்ல காஞ்ச மாதிரி திரியுறான், எதுக்குன்னு ஒருத்தருக்காவது தோணுச்சா? ஸ்பெயினுக்குப் போனியா மாலக்கின்னு கேட்டாங்க. அவன் பக்கத்து டவுன் வெஸ்ட்போர்ட்டைத் தாண்டினவன் இல்ல. உடம்புக்குள்ள இரும்பு சேந்து சேந்து தோலு அப்படி ஆயிருக்கு. துருப்பிடிச்ச கேட்டைப் பாத்து, பெயிண்ட்டு ஜோருன்னு சொல்ற கூட்டம். அவன் அசதியா இருக்குன்னப்போ ரத்தம் கம்மியா இருக்கும்னு இரும்பு டானிக் வாங்கிக் குடுத்தா ஒரு புண்ணியவதி. யாரு? அதே பாரெட்டம்மாதான்.

ஃபின்டனா? அதோ வாசல்ல சிகரெட்டோட நிக்கிறான் பாரு, என் இன்னொரு தம்பி. குடிக்கிறதுக்குன்னே பொறந்தவன். போக வேண்டியவன் இவன்தானேன்னு ஊரு முணுமுணுக்குது. மாலக்கி படுத்தப்புறம் எங்க எல்லாரையும் சோதிச்சாங்க. அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, இரும்பைச் சேக்குற அந்தக் கோளாறு ஜீன் இவனுக்கும் மாலக்கிக்கும் அச்சு அசலா ஒரே மாதிரி. ஆனா இவனுக்கு இரும்பு மெதுவா ஏறுது, அவனுக்கு மளமளன்னு ஏறியிருக்கு. ஏன்னு பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைக் கேட்டேன். இந்த ஜீன் கதவைத்தான் திறக்கும், எவ்வளவு உள்ள வரணும்னு வேற ஜீன்களும் கூடச் சேந்துதான் தீர்மானிக்கும், எதெதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியலைன்னாங்க. குடி இதை இன்னும் மோசமாக்கும், உங்க ஃபின்டன் துள்ள வேணாம்னும் சொன்னாங்க. இத்தனை பேர்ல தெரியலைன்னு சொன்னது அவங்க ஒருத்தங்கதான். அவங்களைத்தான் நம்புறேன்.

எனக்கும் இருக்கு, இல்லாம? மாசா மாசம் ரத்தம் போனதும் அஞ்சு புள்ள பெத்ததும் சேந்து என்னைக் காப்பாத்துச்சு. இப்ப அப்பப்போ போயி ஒரு பை ரத்தம் எடுத்துக் கொட்டிட்டு வரேன். வைத்தியமே அவ்வளவுதான்டா. ஒரு பை ரத்தம், அப்புறம் ஒரு பிஸ்கட்டு. நேரத்தோட எவனாவது கண்டுபிடிச்சிருந்தா மாலக்கி இந்நேரம் வாசல்ல நின்னு ஃபின்டனைத் திட்டிக்கிட்டு இருப்பான். அதை நினைச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது.

நீயும் குடிக்கிறதில்லையா? சந்தோஷம். அதனால உனக்கு ஒண்ணும் வராதாக்கும்? மாலக்கியும் அப்படித்தான் நினைச்சிருந்தான்.

எங்க கிளம்புற? கோப்பையை வச்சுட்டு இரு. அதையும் இடது கையாலதான் பிடிச்சிருக்க. காலைல இருந்து ஊரே என் கையைப் பிடிச்சுக் கசக்கிட்டுப் போயிருக்கு. நீ ஒருத்தன்தான், வருத்தமா இருக்குக்கான்னு விரல் நுனியைக் குடுத்துட்டு வெடுக்குன்னு இழுத்துக்கிட்ட. மாலக்கியும் அப்படித்தான் குடுப்பான். பூசையில பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கை குடுக்கும்போது முகத்தைச் சுளிப்பான், திமிருன்னாங்க. எங்க, காட்டு. ஆட்காட்டி விரல் முட்டியும் நடுவிரல் முட்டியும்தானே? இந்த இரும்பு அங்கதான் போயி உக்காரும். கரும்பலகையில எழுதி எழுதி வந்த வலியா? ஆமாமா, வாத்தியாருக்குத் தெரியாததா.

இவ்வளவு நேரம் செத்தவனுக்காகவா தொண்டை கிழியப் பேசுனேன்? உங்கப்பா எங்க ரத்தம், உங்கம்மாவும் இதே ஊர்ப் பொண்ணுதான், ரெண்டு பக்கமும் வந்திருக்கலாம். நாளைக்கு அடக்கம் முடியட்டும், திங்கக்கிழமை ஃபின்டன் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவான், சொல்லிட்டேன். அன்னைக்கு ஒரு நாளாவது குடிக்காம வண்டி ஓட்டுவானாம்.

அது இருக்கட்டும், சட்டைக் காலரைக் கொஞ்சம் இறக்கு. நீ ஸ்பெயினுக்கு எப்படா போன? போகலல்ல. கோட்டைக் கழட்டிட்டு உக்காரு.