கரண்ட் இல்லாத சுவிட்ச்

ஜன்னல் கண்ணாடி உடைகிறது. மகளை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போகிறேன். டப். டப். டப். பிறகு நீளமாக ஓர் இரைச்சல். தெருவில் டாங்கி. தரை அதிர்கிறது. கட்டிலின் மேல் என் வீட்டுக்காரர் முனிரத்தினம் தூங்குகிறார். அதிர்வு அவருக்குப் பழக்கம். தறி ஷெட்டிலேயே தூங்கி வளர்ந்தவர். அவர் காலைப் பிடித்து இழுத்தேன். தொப்பென்று விழுந்தார்.

"இன்னாடி?" என்றார். சுவரில் விழுந்த ஓட்டையைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

1990, ஆகஸ்ட் இரண்டு. வியாழன். விடியற்காலை. குவைத். கம்பெனி வீடு தயாராகும்வரை இருங்கள் என்று கொடுத்த மூன்றாம் மாடி வீடு. குடியேறிப் பத்தொன்பது நாள்.

அவருக்குக் காது போய்விட்டிருந்தது. நகரியில் பதினாறு வருஷம் பவர்லூம் ஓட்டினால் போகாமல் என்ன செய்யும். ஷெட்டில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்கள். தலை நிமிரும். அந்தப் பழக்கத்தைக் குவைத்துக்கும் கொண்டுபோனோம். எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று முதல் நாளே பார்த்து வைத்தாள் செல்வி. ஆறு வயது. சோறு ஆனதும் ஹால் விளக்கைப் போட்டு அணைப்பாள். "நைனா வந்துக்கினே இருக்குது" என்பாள். எனக்கு அந்த வீடு பிடித்திருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர். அந்தச் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

காது கேட்காத மனுஷனை அங்கே அனுப்பியது யார் என்று கேட்பீர்கள். நான்தான். மெட்ராஸில் மெடிக்கல் டெஸ்ட். டாக்டர் அவருக்குப் பின்னால் நின்று கேள்வி கேட்டார். நான் எதிரில் நின்று வாயசைத்தேன். பாஸ்.

டாங்கி வந்த ஒன்பதாம் நாள். காலை பத்து மணி இருக்கும். கட்டடத்தில் கரண்ட் போய் மூன்று நாள். மோட்டார் ஓடவில்லை. குழாயில் காற்றுதான் வருகிறது. தெருமுனையில் ஒரு தொட்டி உண்டு. இரண்டு கேன்களை எடுத்துக்கொண்டு அவர் இறங்கினார். தினமும் போகிற வழி. கையில் டம்ளரோடு ஜன்னலில் நின்று பார்த்தேன்.

முந்தின நாள் இல்லாத மணல் மூட்டைகள். நாலு ஈராக் சிப்பாய்கள். அவர் குனிந்த தலையோடு அவர்களைத் தாண்டிவிட்டார். பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். நில் என்பதற்கான அரபிச் சொல். அந்த ஒன்பது நாளில் எல்லாரும் கற்றுக்கொண்ட சொல். அவர் நடக்கிறார். இன்னும் பலமாகக் கத்தினான். நடக்கிறார். கேன்கள் ஆடுகின்றன.

என் கை சுவிட்சுக்குப் போனது. மேலே, கீழே, மேலே, கீழே. பட்டப்பகல். தெருவில் முதுகைக் காட்டிப் போகிறவரைக் கூப்பிட, கரண்ட் இல்லாத சுவிட்சைத் தட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் இருப்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"யோவ், நில்லுய்யா! செல்வி நைனா, நில்லு!"

மூன்று வெடி. கேன் முதலில் விழுந்தது. பிறகு அவர். காலிக் கேன் உருண்டுபோகிற சத்தம் மூன்றாம் மாடி வரைக்கும் கேட்டது.

டம்ளர் இன்னும் என் கையில் இருந்தது. அதை வீசியிருந்தால் அவருக்கு முன்னால் விழுந்திருக்கும். பார்த்திருப்பார். நின்றிருப்பார்.

கீழ்வீட்டு மலையாளி டிரைவர் கெஞ்சி உடலை வாங்கி, ஊருக்கு வெளியே புதைத்துவிட்டு வந்தார். பெண்கள் வர வேண்டாம் என்றார்கள். எந்த மணல் என்று எனக்குத் தெரியாது. பிறகு பஸ். பாலைவனம். கூடாரம். விமானத்தில் பம்பாய். ரயிலில் ரேணிகுண்டா. அங்கிருந்து பஸ்ஸில் நகரி. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் தறிச் சத்தம் கேட்டது. செல்வி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பதினோரு தபா போட்டேம்மா நீ."

"இன்னாத்த?"

"லைட்ட. நைனா பாக்கவே இல்ல."

பிள்ளை எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

போனது மூன்று பேர். திரும்பியது இரண்டு பேர். அங்கே விட்டது இரண்டு கேன், ஒரு கட்டில், ஒரு மனுஷன். கொண்டுவந்தது ஒரு டம்ளர்.